பூஜைக்கு ஊற்றிய எண்ணெய்

1

போன மாதம் எங்கள் கட்டடத்தின் கூரைக்குப் புதிய ஏ.சி. இயந்திரம் ஏற்றினார்கள். டொராண்டோவின் கிழக்கு ஓரத்தில், என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த அடுக்குமாடிக் குடியிருப்பு இது. ஒரு வாரம் முன்பே கதவுக்குக் கதவு காகிதம் வந்தது. கிரேன் வேலை நடக்கும்போது மேல்மாடிக்காரர்கள் வீட்டில் இருக்கக் கூடாது. புரிந்துகொண்டேன் என்று கையெழுத்திட வேண்டும். மருந்து சாப்பிடுகிறவர்கள் மருந்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். நான் தவறான கோட்டில் கையெழுத்திட்டுவிட்டேன் என்று வேறொரு காகிதம் கொடுத்து மறுபடி வாங்கிப் போனார்கள். ஒரு பெட்டியை மேலே தூக்க இந்த நாட்டில் இத்தனை பேருடைய சம்மதம் வேண்டும். வந்த புதிதில் இதற்கெல்லாம் சிரித்திருக்கிறேன்.

அன்று காலை எதிரே இருந்த வண்டி நிறுத்துமிடத்தில் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றோம். பெட்டி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அது சுழலாமல் இருக்கக் கட்டிய கயிறு, தரையில் கிடந்த இரும்புச் சட்டம் ஒன்றில் மாட்டிக்கொண்டது. மஞ்சள் தலைக்கவசம் அணிந்த இளைஞன் ஒருவன் அதை விடுவிப்பதற்காகத் தொங்கும் பெட்டிக்கு நேர் கீழே போய்க் குனிந்தான்.

"அடியில நிக்காத. வெளிய வா. வெளிய வாடா" என்று கத்தினேன்.

தமிழில் கத்தினேன். வாழ்நாளில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பிழைத்தவன் நான். அந்த நொடியில் வாயில் வந்தது கள்ளக்குறிச்சிப் பேச்சுதான். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மாள் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கிரேனுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்த பெண் சத்தம் கேட்டுத் திரும்பினாள், இளைஞனைப் பார்த்தாள், முஷ்டியை மடக்கி உயர்த்தினாள். கிரேன் நின்றது. பெட்டி அந்தரத்தில் அசையாமல் நின்றது. இளைஞன் வெளியே வந்தான்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவன் வெளியே வந்த பிறகும் நான் "வெளிய வா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டட அலுவலகத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு, நடந்ததை எழுதிக் கொடுக்க ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டு என் மகள் மலருக்குத் தகவல் சொன்னார்கள். அவள் வங்கியிலிருந்து பாதி வேலையில் வந்தாள்.

"யார் மேல கத்துனீங்க அப்பா? அவங்க வேலை அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவங்கதாம்மா பேசாம இருப்பாங்க" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. தன் வீட்டுக்கு அழைத்துப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முக்கியமான எதையும் அவள் இப்போது ஆங்கிலத்தில்தான் கேட்கிறாள். நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். அதையே இப்போது உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

2

என் சொந்த ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு நிலம் இருந்தது. நான் சென்னையில் பொறியியல் படித்து, அங்கேயே ஏ.சி. அமைக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கள்ளக்குறிச்சியில் புதிதாகக் கட்டிய ஒரு சினிமாத் தியேட்டருக்குக் குளிர்சாதன வசதி செய்யும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. உள்ளூர்க்காரன் என்பதால் என்னை அனுப்பினார்கள். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதாம்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. போராடியவர்கள் எங்கள் ஜனங்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். பஸ் நிற்கும், கரும்பு வண்டி நிற்கும். போலீஸ் வந்து மரத்தை அப்புறப்படுத்தினால் அடுத்த வளைவில் இன்னொரு மரம் விழும். என் மச்சினன் ஏழுமலை கோடாலியோடு வெளியே போனால் எப்போது வீடு திரும்புவான் என்று என் மாமியாருக்கே தெரியாது. கோரிக்கையில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நான் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

ஏர் ஹேண்ட்லிங் யூனிட் என்பது ஒரு பெரிய தகரப் பெட்டி. உள்ளே காற்றைத் தள்ளும் விசிறியும் மோட்டாரும் குளிர்ந்த செம்புக் குழாய்களும் இருக்கும். எங்கள் பெட்டி பால்கனிக்குப் பின்னால் இருந்த மாடியறைக்குப் போக வேண்டும். கடலூர்ப் பக்கமிருந்து வர வேண்டிய கிரேன் உளுந்தூர்பேட்டைக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. பெட்டி தியேட்டருக்குப் பக்கவாட்டுச் சந்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. தீபாவளிக்குப் படம் போட்டாக வேண்டும் என்பது முதலாளியின் கவலை. சந்தில் கிடக்கும் பெட்டியின் மேல் யாராவது கல்லெறிவார்கள், தீ வைப்பார்கள் என்ற பயமும் அவருக்கு இருந்தது.

எனக்கும் ஓர் அவசரம் இருந்தது. மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. இங்கே வேலை திருப்தியாக முடிந்தது என்று முதலாளி எழுதிக் கொடுத்தால்தான் கம்பெனி என்னை விடுவிக்கும்.

3

கிரேன் இல்லையென்றால் செயின் பிளாக். மேலே ஓர் இரும்பு உத்தரத்தில் அதை மாட்டிவிட்டு, கீழே நின்று கைச்சங்கிலியை இழுத்தால் சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கையை விட்டால் சுமை அப்படியே நிற்கும். நிற்பதற்குக் காரணம் உள்ளேயிருக்கும் பிரேக் தட்டுகள். அவை ஒன்றையொன்று இறுகக் கவ்வ வேண்டும். தூக்கும் சங்கிலிக்கு எண்ணெய் வேண்டும். அந்தத் தட்டுகளில் எண்ணெய் படவே கூடாது. இது எனக்குக் கல்லூரியிலேயே தெரியும்.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து சூசை என்பவரை ஒரு செயின் பிளாக்கோடு வரவழைத்தேன். சர்க்கரை ஆலையில் ஒப்பந்தத்துக்குப் பாரம் தூக்குகிறவர். என் வயதுதான். அவரோடு கல்வராயன் மலையிலிருந்து சடையன் வந்தார். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூர்க்காரர். அதிகம் பேசமாட்டார், கயிறு பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சூசை சொன்னார்.

அவர்கள் வந்து சேர்ந்தது ஆயுத பூஜை அன்று. தியேட்டரில் புரொஜெக்டர் முதல் டிக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோல் வரை எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தார்கள். முதலாளி செயின் பிளாக்கையும் வாங்கி நடுவில் வைத்தார். எண்ணெய்க் குப்பியை எடுத்து அதன் மூடியிடுக்கில் தம் கையாலேயே ஊற்றினார்.

"போதும்ங்க முதலாளி" என்றார் சூசை.

"இருடா. வருசம் பூரா பாரம் தூக்குது. ஒரு நாளு வயிறார குடிக்கட்டும்." குப்பியைக் கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பிறகு குங்குமத் தட்டை நீட்டினார். "நீயும் ஒரு பொட்டு வெச்சிக்கடா சூசை. உங்க மாதா ஒண்ணும் கோச்சிக்காது."

"மாதா கோச்சிக்காதுங்க. வூட்ல எம் பொண்டாட்டிதான் கோச்சிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எண்ணெய் அடிமூடியின் ஓரமாகச் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுப்பது வழக்கம். ஆனால் மத்தியானமே ஒரு தகவல் வந்தது. நாளை விடிந்ததும் எல்லாச் சாலைகளிலும் மறியல், ஊருக்குள்ளும் ஊர்வலம். முதலாளி கொஞ்ச நேரம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

"சூசை, எட்றா அத. இன்னிக்கே ஏத்திடலாம்."

"பூசையில கீதுங்களே."

"நான் சாமிகிட்ட சொல்லிக்கறேன். நீ எடு."

அங்கிருந்த ஆட்கள் யாரும் முன்வரவில்லை. சூசை போய் எடுத்தார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சந்துக்கு வந்தார்.

4

பாரம் தூக்குவதில் ஒரு முறை உண்டு. முதலில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்கி, கையை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சமமாக இருக்கிறதா, கயிறுகள் சரியாக விழுந்திருக்கின்றனவா, பிரேக் பிடிக்கிறதா. இதை நான் தவறாமல் செய்வேன். அன்றும் செய்யச் சொன்னேன்.

பெட்டி தரையை விட்டு எழுந்தது. மோட்டார் இருந்த பக்கம் சற்றுத் தாழ்ந்தது. கயிற்றை நகர்த்தி நேராக்கினோம். சூசை கைச்சங்கிலியை விட்டார்.

பெட்டி நின்றது. பிறகு ஒரு விரற்கடை இறங்கியது. நின்றது. மறுபடி ஒரு மயிரிழை.

"சார், இறங்குற மாதிரி கீதே" என்றார் சூசை.

எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய் உள்ளே போய்விட்டது. பெட்டியை இறக்கி, பிளாக்கைப் பிரித்து, தட்டுகளைத் துடைத்துக் காயவைத்துப் பூட்ட வேண்டும். அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். மறுநாள் மறியல். அதன்பின் எத்தனை நாளோ. மஸ்கட்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். அத்தோடு, ஊற்றியவர் முதலாளி, அவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாக யோசித்தேன் என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மூச்சில் நெஞ்சுக்குள் வந்து போனது.

"கயிறு இறுகுது. அவ்வளவுதான். தூக்குங்க" என்றேன்.

சூசை என் முகத்தைப் பார்த்தார். படித்தவன் சொல்கிறான் என்று திருப்தியடைந்து, சங்கிலியைப் பிடித்தார்.

சந்து குறுகலானது. ஒரு பக்கம் தியேட்டர்ச் சுவர், மறுபக்கம் அரிசி மண்டியின் சுவர். பெட்டி சுழலாமல் இருக்கக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி சடையன் மண்டிச் சுவரை ஒட்டி நின்றார். பெட்டி விழுந்தால் அவருக்கு ஒதுங்க இடமில்லை. அவரை அங்கே நிற்கும்படி நான் சொல்லவில்லை. நிற்காதே என்றும் சொல்லவில்லை.

பெட்டி ஏறியது. சங்கிலி கடகடவென்று பற்களில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சூசையின் பனியன் முதுகோடு ஒட்டியது. இடையில் ஒருமுறை அவர் கை மாற்றியபோது பெட்டி இறங்கியதை நான் பார்த்தேன். மேலே இன்னும் கொஞ்சம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாடித் திறப்புக்கு நேராகப் பெட்டி வந்து நின்றது. உள்ளே இழுப்பதற்காக மேலே இருந்தவர்கள் கொக்கியை நீட்டினார்கள். சூசை முகத்தைத் துடைக்கச் சங்கிலியை விட்டார்.

முதலில் கைச்சங்கிலி தானாக ஓடத் தொடங்கியது. மெதுவாக, பிறகு வேகமாக. சூசை பாய்ந்து பிடித்தார். அது அவரை இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் விடவில்லை. "சடையா, போடா, போடா" என்று கத்திக்கொண்டே பிடித்திருந்தார். பெட்டியின் விளிம்பு சுவரில் இடித்து, திரும்பி, சாய்வாகச் சந்தில் இறங்கியது.

தகரம் நசுங்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. சடையன் கத்தவே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால் பெட்டிக்கு அடியில் இருந்தது.

5

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுவிட்டு, உடனே சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். முதலாளியின் வேனில் போனோம். பின்னால் சூசை, மடியில் சடையனின் காலை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கிலியைப் பிடித்ததில் அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து போயிருந்தது. கட்டுப்போட அவர் நேரம் கொடுக்கவில்லை.

மறுநாள் என்று சொன்ன மறியல் அன்று மாலையே தொடங்கிவிட்டது. சின்னசேலம் சாலையில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன் மேலும் சுற்றிலும் கூட்டம்.

"வண்டிய திருப்பு. எந்த வண்டியும் போவாது."

"ஆஸ்பத்திரி கேசுப்பா. கால் நசுங்கிப்போச்சி" என்றார் முதலாளி.

கூட்டத்திலிருந்து ஏழுமலை வந்தான். "மாமா, நீங்களா?" என்றான். வேனுக்குள் எட்டிப் பார்த்தான். திரும்பிக் குரல் கொடுத்தான். கோடாலிகள் வந்தன. வெட்டியவர்களே கிளைகளைக் கழித்து, நுனிப்பக்கத்தைப் புரட்டி, வேன் போகும் அளவுக்கு வழி செய்யத் தொடங்கினார்கள். அதற்குச் சற்று நேரம் ஆயிற்று. சடையன் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

காத்திருந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். "எப்டி ஆச்சு இது?"

முதலாளி சொன்னார். "பூசையில வெச்ச சாமான மறுபூச போடாம எடுத்தா இன்னா ஆவும்? இவன் வேதக்காரன். இவனுக்கு இன்னா தெரியும். எடுத்துட்டான்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா சார், நான் சொல்றது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்கள் வீட்டுப் பையன், படித்தவன், இஞ்சினியர். சூசையும் வேனுக்குள்ளிருந்து பார்த்தார்.

"ஆமாம்" என்றேன்.

6

சேலத்தில் சடையனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவர் மலைக்குத் திரும்பிப் போனார். நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. வேறு பெட்டி வந்தது, கிரேனும் வந்தது. முதலாளி வேலை திருப்தியாக முடிந்தது என்று எழுதிக் கொடுத்தார். நான் மஸ்கட்டுக்குப் போனேன். பிறகு இங்கே.

புளியமரத்தடியில் நின்றவர்கள் பல ஊர்க்காரர்கள். மறியல் முடிந்து அவரவர் வீட்டுக்குப் போனபோது என்னுடைய "ஆமாம்" அவர்களோடு போனது. விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது ஏழுமலை பேச்சுவாக்கில் சொன்னான். பூஜையைக் கெடுத்தவன் என்று சூசையை இப்போது யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லையாம். புது போர்வெல் லாரிக்குப் பக்கத்தில்கூட நிற்கவிடுவதில்லை. பெங்களூருக்கு மூட்டை தூக்கப் போய்விட்டாராம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சாப்பிட்டேன்.

இந்த நாட்டில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் செய்த வேலை என்ன தெரியுமா? பாரம் தூக்குவதில் பாதுகாப்பு பற்றி இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்தேன். பிரேக் தட்டில் எண்ணெய் படக் கூடாது என்பதற்கு இந்தக் கதையைத்தான் உதாரணம் சொல்வேன். இந்தியாவில் ஓர் இடத்தில், ஒரு பொறியாளர், என்பேன். ஒரு மாணவன் ஒருமுறை, அந்தப் பொறியாளருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்று கேட்டான். தெரியாது என்றேன்.

மலர் காரில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள். தமிழில் கேட்டாள்.

"அந்த சூசை அங்கிள் இருக்காரா?"

7

ஏழுமலைதான் தேடி எண் கொடுத்தான். சூசை பெங்களூரிலிருந்து திரும்பி மூங்கில்துறைப்பட்டில் மகனோடு இருக்கிறார். எனக்குக் காலை, அங்கே சாயங்காலம். மலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யார் என்று சொன்னதும் மறுமுனையில் இருமல் கேட்டது.

"தியாகதுருவத்து இஞ்சினியர் சாரா? உயிரோடதான் கீறீங்களா? நான் நெனச்சேன், அங்க பனியில போய் சேந்திருப்பீங்கன்னு."

நான் சிரிக்கவில்லை. ஒப்பித்து வைத்திருந்தது போல் சொன்னேன். எண்ணெய் உள்ளே போனது. பெட்டி இறங்கியபோதே எனக்குத் தெரியும். கயிறு இறுகுகிறது என்று சொன்னது பொய். புளியமரத்தடியில் சொன்னதும் பொய்.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அவர் வீட்டைக் கடந்து போவது கேட்டது. அது ஓய்ந்த பிறகு அவர் பேசினார்.

"சார். நான் இன்னா நெனச்சினு இருந்தேன் தெரியுமா? பூசைய நாந்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சினு இருந்தேன். மாதா கோயில்ல போயி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன். இதுல பாவமே இல்லடான்னாரு. நான் நம்பல. படிச்ச நீங்களே ஆமான்னீங்களே. சடையன் சாவறதுக்கு முன்ன, வெள்ளிமலைக்கு மேல ஏறிப்போயி, அவங்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"வுட்றா சூசைன்னான். கஞ்சி குடுத்தான்."

"என்னை மன்னிச்சிடு சூசை" என்று மட்டும் சொன்னேன்.

"எங்கிட்ட கேட்டு இன்னா ஆவப்போவுது? என் வயசு முடிஞ்சிபோச்சி. எம்புள்ள லேத்து வெச்சிகினு கீறான். இன்னிக்கும் புது வண்டின்னா அவங்கிட்ட மொத வேலை தரமாட்டாங்க. சூசை புள்ளன்னு சொல்றாங்க. அவுங்ககிட்ட சொல்லுங்க."

"எல்லார்கிட்டயும் இங்கேயிருந்து எப்படிச் சொல்றது, சூசை?"

"அன்னிக்கு ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்களே சார்."

போனை வைத்துவிட்டார். மலர் எழுந்தாள். என் மேஜையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், மூங்கில்துறைப்பட்டு, தியாகதுருகம் பக்கத்து மக்களே, அன்று அந்த மரத்தடியில் நின்றவர்களே, அவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்களே. பூஜையிலிருந்து செயின் பிளாக்கை எடுக்கச் சொன்னவர் முதலாளி. எண்ணெய் ஊற்றியதும் அவர், தெரியாமல் ஊற்றினார். பிரேக் பிடிக்காது என்று தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான், நான் தூக்கச் சொன்னேன். எந்தச் சாமியும் அந்தப் பெட்டியைக் கீழே தள்ளவில்லை. சூசை எந்தத் தவறும் செய்யவில்லை. உள்ளங்கைத் தோல் உரியும்வரை அந்தச் சங்கிலியைப் பிடித்திருந்தவர் அவர் மட்டுமே.